இரண்டாவது பஞ்சு

அரை மணி நேரம் காபி கிடையாது. ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடையாது, பல் விளக்கக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது. கண் விழித்ததும் ஒரு பஞ்சு, அரை மணி கழித்து இன்னொரு பஞ்சு, நடுவில் இவரைச் சும்மா உட்கார வைத்திருக்க வேண்டும். முதல் பஞ்சு ஆயிற்று. குழாயில் போட்டு மூடி, ஃப்ரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். எச்சிலை வைத்துப் பயத்தை அளக்கிறார்களாம். "மறதி நோய் முத்திருச்சுங்கம்மா, எங்க வலிக்குது, எதப் பாத்துப் பயப்படறாருன்னு அவரால இனிச் சொல்ல முடியாது, எச்சில்ல ஸ்ட்ரெஸ் ஹார்மோன் எவ்வளவு இருக்குதுன்னு பாத்தா அவரு உள்ளுக்குள்ள எப்படி இருக்கறாருன்னு ஓரளவு தெரியும்" என்றாள் அந்த டாக்டரம்மா. உள்ளுக்குள்ளே எப்படி இருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்திய எனக்குத் தெரியாதது ஒரு துண்டுப் பஞ்சுக்குத் தெரிந்துவிடப் போகிறது, தெரியட்டும். இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வேட்டி நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருக்கிறார். "காபி" என்கிறார். "இருங்க, இன்னும் நேரமாகலீங்க" என்கிறேன். "சரி" என்கிறார். சரி என்ற சொல் இந்த வீட்டில் எனக்கு மட்டும் சொந்தமாக இருந்தது. ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். இப்போது அதையும் இவரே எடுத்துக்கொண்டார். வெயில் இன்னும் ஜன்னலுக்கு வரவில்லை, அடுப்படியில் டிகாஷன் இறங்குகிற வாசம் மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

இன்றைக்கு எடுப்பதுதான் கடைசி. போன மாசம் துடியலூர்ப் பக்கம் ஒரு இல்லத்தில் இவரைக் கொஞ்ச நாள் விட்டுப் பார்த்தோம், மறதிக்காரர்களுக்கென்றே தனிக் கட்டடம், கழுவிவிட்ட தரை, சுவர் நெடுகப் பிடித்து நடக்கக் கம்பி. அங்கேயும் காலையில் பஞ்சு வைத்து எடுத்தார்கள். இப்போது வீட்டில். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இவர் எங்கே நிம்மதியாக இருக்கிறார் என்று தெரியுமாம். அங்கே குறைவாக இருந்தால் அங்கே, இங்கே குறைவாக இருந்தால் இங்கே. டாக்டரம்மா அப்படி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லவில்லை, இது ஆராய்ச்சிதான், இதை மட்டும் வைத்து முடிவு பண்ண வேண்டாம் என்றுதான் சொன்னாள். பூபதிதான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "நம்பர் வரட்டும்மா, நம்பர் என்ன சொல்லுதோ அப்படியே செஞ்சிரலாம்" என்று பெங்களூரிலிருந்து போனில் சொல்கிறான் என் ஒரே மகன். அப்பனை இல்லத்தில் தள்ளிவிட்டான் என்று அவனுடைய அத்தையும் சித்தப்பாவும் கல்யாண வீடு கல்யாண வீடாகப் பேசுவார்களே, அவர்கள் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்ட அவனுக்கு ஒரு நம்பர் வேண்டும். அம்மாவுக்கு முடியவில்லை என்று சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை. என் முட்டிக்கு நம்பர் இல்லை. இவரைத் தூக்கி நிறுத்தும்போது இடுப்பில் ஒன்று சுளுக்கிக்கொண்டு நிற்கிறதே, அதற்கு நம்பர் இல்லை. நனைந்த வேட்டியை மாற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேனே, அதற்கும் இல்லை. "பாவம், அம்மா நல்லாப் பாத்துக்கறாங்க" என்று எல்லோரும் சொல்கிறார்கள், சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இவர் இல்லத்துக்குப் போக வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். எஞ்சிய காலத்தில் ஒரு காலை, ஒரே ஒரு காலை, யாருக்கும் காபி கலக்காமல் படுத்துக் கிடக்க வேண்டும்.

காபி என்றதும் ஞாபகம் வருகிறது, இன்றைக்கு எடுப்பதே நான் செய்த தப்பினால்தான். முந்தாநாளே முடிந்திருக்க வேண்டியது. அன்றைக்கும் முதல் பஞ்சை எடுத்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனவள், பால் பொங்கியதும் டிகாஷனை விட்டு, சர்க்கரை போட்டு, நுரை வர ஆற்றி, நேரே கொண்டுவந்து இவர் கையில் கொடுத்துவிட்டேன். பாதி குடித்த பிறகுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து குழாய்களை வாங்கிப் போக வருகிற பெண் ஷர்மிளா தலையில் அடித்துக்கொண்டாள். "என்னங்கம்மா, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, இப்ப இந்த நாளே கணக்குல வராது, இன்னொரு நாள் எடுக்கோணும்" என்றாள். மறந்துவிட்டேன் கண்ணு என்றேன். மறக்கவில்லை. கை தானாகச் செய்தது. இவர் விழித்துக் கால் தரையில் படுகிற நேரத்துக்குக் காபி வந்துவிட வேண்டும், இது இந்த வீட்டுச் சட்டம். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பால்காரன் வரப் பிந்திவிட்டான், ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக் கலக்கினேன், ஆறிப்போயிருந்தது என்று டபராவோடு என் மேல் வீசினார். டம்ளர் சிமெண்டுத் தரையில் உருண்டு சுவரில் போய் முட்டி நின்றது. நான் முதலில் தரையைத்தான் துடைத்தேன். ஜாக்கெட்டைப் பிறகுதான் கழற்றிப் பார்த்தேன். என் அம்மாவிடம் சொன்னதற்கு, "காலைல ஒரு காபி, அதக் கூட நேரத்துக்குக் குடுக்க முடியலியா உனக்கு" என்று கேட்டாள். அதோடு யாரிடமும் சொல்வதை விட்டுவிட்டேன். கை மட்டும் விடவில்லை போலிருக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கிறவருக்குத் தன் பெயரே பாதி நாள் தெரியவில்லை, இந்தக் கை அவரைப் பார்த்து இன்னும் பயந்து பயந்து காபி ஆற்றுகிறது.

"காபி ஆச்சா?" என்கிறார் மறுபடியும். ஆகவில்லை என்கிறேன். சிரிக்கிறார். இந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டர் நாச்சிமுத்து உள்ளே வருகிறார் என்றால் ஓடுகிற மெஷினே கொஞ்சம் அடக்கி ஓடும் என்று வேலையாட்கள் சொல்வார்களாம். இன்றைக்கு விடிந்ததும் பஞ்சை நாக்கின் மேல் வைத்தபோது, அதை வெளியே எடுத்துக் இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் பிடித்து இழுத்துப் பார்த்து, "இழை நீளம் பத்தாது, திருப்பி அனுப்பு" என்றார். அது ஞாபகம் இருக்கிறது. பஞ்சு இழை ஞாபகம் இருக்கிறது, எந்தக் கிடங்கில் எந்த ஊர்ச் சரக்கு என்பதெல்லாம் இருக்கிறது, என் கன்னம் மட்டும் ஞாபகமில்லை. செய்தவருக்கு மறந்துவிட்டது. பட்டவளுக்கு ஏன் மறக்கவில்லை? எனக்கும் வந்திருக்கலாமே இந்த வியாதி, இரண்டு பேரும் ஒன்றும் தெரியாமல் எதிரெதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்திருக்கலாம். இல்லத்தில் இவர் ராப்பகலாக அழுதாராம். கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கியிருந்தது. கூட்டிவரப் போன அன்றைக்கு என் முந்தானையைப் பிடித்தவர் வீடு வரும்வரை விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆள் அடங்கிவிட்டார். தூங்குகிறார், சாப்பிடுகிறார், சிரிக்கிறார். அப்புறம் எந்தப் பஞ்சில் என்ன இருக்கும் என்று சொல்ல டாக்டர் வேண்டுமா? வீட்டில் நன்றாக இருக்கிறார் என்று வரும். "பாத்தியாம்மா, உன்கிட்டத்தான் அவரு நிம்மதியா இருக்காரு" என்று பூபதி கண் கலங்கச் சொல்வான். நான் நன்றாகப் பார்த்துக்கொண்டதற்கு எனக்குக் கிடைக்கப் போகிற தண்டனை அது.

பயந்தால் ஏறிவிடும். ஷர்மிளா சொன்னதுதான், நானாகக் கற்பனை பண்ணவில்லை. "இந்த அரை மணி நேரத்துல சத்தம் கித்தம் போட்டுராதீங்கம்மா, அவரு பயந்துட்டா நம்பர் ஏறிரும். பயந்து ஒரு கால் மணி நேரம் கழிச்சு எச்சில்ல தெரிய ஆரம்பிச்சிரும்." சாதாரணமாகத்தான் சொன்னாள், குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டே. அவள் போன பிறகு அரிசி களைந்துகொண்டிருக்கும்போது அந்தப் பேச்சு திரும்பி வந்தது. சீ என்று தள்ளினேன். குளிக்கும்போது வந்தது. சாமி முன்னால் விளக்கேற்றும்போதுகூட வந்தது. ஒரு சத்தம். ஒரே ஒரு சத்தம். அடிக்க வேண்டாம், கிள்ள வேண்டாம், அதையெல்லாம் செய்கிற ஆள் நான் இல்லை. ஒரு சத்தம் போட்டால் எச்சிலில் ஏறும், எச்சிலில் ஏறினால் இவர் இங்கே நிம்மதியாக இல்லை என்று ஆகும். இவருக்கு என்ன நஷ்டம், சத்தம் போட்டது அடுத்த நிமிஷம் மறந்துவிடும். மறக்கிறவருக்கு எதைச் செய்தாலும் செய்ததாக ஆகாது. இல்லை, ஆகும். அதெப்படி ஆகும்? அழுதாரே, இல்லத்தில் அழுதாரே, எதற்கு அழுகிறோம் என்று தெரியாமலே அழுதாரே. நான் தெரிந்தே அழுதேன், அதுவும் சத்தம் வராமல் அழுதேன், தெரிந்து அழுதது பெரியதா தெரியாமல் அழுதது பெரியதா, இதற்கு ஏதாவது குழாய் வைத்திருக்கிறார்களா? கடிகாரம் ஓடுகிறது. செய்வதானால் இப்போதே செய்ய வேண்டும், கடைசி நேரத்தில் செய்தால் எச்சிலுக்கு வந்து சேராது. எனக்குக் கழுத்து வேர்க்கிறது. அந்தக் காலத்தில் கேட் திறக்கிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு இவர் எப்படி வந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். மெதுவாகத் திறந்தால் பரவாயில்லை, ஒரே தள்ளாகத் தள்ளினால் மில்லில் ஏதோ நடந்திருக்கிறது, அப்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த நாளில் யாராவது என் வாயில் பஞ்சு வைத்திருந்தால் ஒரு சொட்டு தேறியிருக்காது. குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு, இந்தப் பொம்பளைக்கு ஒன்றுமே இல்லை என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்கள்.

"ஏ புள்ள, காபி" என்றார். அதுதான். காபி என்று மட்டும் கேட்டிருந்தால் நான் எழுந்து ஜன்னல் பக்கம் போயிருப்பேன். ஏ புள்ள என்றார். பழைய சொல்தான், பழைய குரலில்லை, குழைந்த குரல், என்னை யாரென்று நினைத்துக் கூப்பிட்டாரோ. ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்குள் எதுவோ எழுந்து நின்றுவிட்டது. "ஏய்!" என்றேன். இது என் குரலா என்று எனக்கே தெரியவில்லை. "வாய மூடு. இன்னொரு சொல்லு வந்துது, பல்லக் கழட்டிப்போடுவேன்." இது நான் சொல்கிற வார்த்தையில்லை, வார்த்தைக்கு வார்த்தை இவருடையது, எத்தனையோ வருஷம் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமாகியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இவரை ஒருமையில் கூப்பிட்டதில்லை, மனசுக்குள் திட்டும்போதுகூட வாங்க போங்க என்றுதான் திட்டியிருக்கிறேன். சத்தம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், பார்த்தால் கையும் மேலே போயிருக்கிறது. இவர் இரண்டு முழங்கையையும் தலைக்கு மேல் மடக்கிக்கொண்டு சுவரோரமாக ஒடுங்கினார். "இல்லீங்க, இல்லீங்க" என்றார். என்னைப் பார்த்து ங்க போட்டுச் சொன்னார். நான் அடிக்கவில்லை. கை சும்மா நின்றது, பிறகு இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது. எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

இனி இருக்கிற கால் மணி நேரத்துக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. மறந்துவிடுவார் என்று நினைத்தேனே, மறக்கவில்லை. அல்லது நடந்தது மறந்து பயம் மட்டும் தங்கியிருக்கிறதோ என்னவோ. கண் என் முகத்தில் இல்லை, கையில் இருக்கிறது. மடியில் கை கிடக்கும்வரை மூச்சு சீராக வருகிறது. நெற்றியில் வியர்வையைத் துடைக்கக் கையை எடுத்தேன், பொடுக்கென்று கண்ணை மூடித் தோளைக் குறுக்கினார். ஐயோ என்றிருந்தது எனக்கு. கையைக் கீழே வைத்தேன், கண் திறந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் காதோரத்து முடியைச் சரிபண்ணினேன், மறுபடியும் குறுகினார். முடி கலைந்திருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மூன்றாவது தடவை எந்தக் காரணமும் இல்லாமல் கையைத் தூக்கினேன். மெதுவாகத் தூக்கினேன், தூக்கி அந்தரத்திலேயே வைத்திருந்தேன், நான் கையை இறக்கும்வரை காத்திருக்கிறாரா என்று பார்த்தேன். காத்திருந்தார். ஆறடி ஆள், கழுத்து கோழிக்கழுத்தாக மெலிந்துபோன ஆள், என் கை இறங்கினால்தான் மூச்சு விடுவேன் என்று உட்கார்ந்திருந்தார். நெஞ்சுக்குள்ளே எனக்கு இதமாக ஏதோ பரவியது. இடுப்பு வலி தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் இந்த வீடு இவ்வளவு அமைதியாக எனக்குச் சொந்தமாக இருந்ததே இல்லை.

நேரம் ஆயிற்று. இரண்டாவது பஞ்சை எடுத்துக்கொண்டு போனேன். கேட்கும் முன்பே வாயைத் திறந்தார். நாக்கின் மேல் வைத்தேன், இழை கிழை என்று ஒரு பேச்சு இல்லை, மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார். வாய் உலர்ந்திருந்தது, பஞ்சு நனைய ரொம்ப நேரம் பிடித்தது. பக்கத்தில் நின்றுகொண்டே எனக்குப் புரிந்தது, ஏன் அப்படி ஒரு மனுஷன் அத்தனை வருஷமும் அப்படி இருந்தார் என்று. நானாகத்தான் ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன், மில்லில் பிரச்சினை, வளர்ந்த விதம், ரத்தக் கொதிப்பு, என் சமையல். காரணமெல்லாம் ஒன்றுமில்லை. அது சுகமாக இருக்கிறது. அவ்வளவுதான். ஒரு ஆள் நம் கையைப் பார்த்து மூச்சு விடுவது சுகமாக இருக்கிறது. நாளைக்குக் காலையில் இவர் ஏ புள்ள என்பார். நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். பஞ்சு இருக்காது, ஷர்மிளா வரமாட்டாள், பார்க்க ஒரு ஆளும் கிடையாது, கை எங்கே போகும் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. பஞ்சை எடுத்துக் குழாயில் போட்டு மூடினேன். பொய்யாக ஒரு நம்பர் வர வைக்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது இந்தக் குழாயில் இருப்பதில் பொய் ஒன்றுமில்லை. இந்த வீட்டில் இவருக்குப் பயம் இருக்கிறது, பயப்பட ஆளும் இருக்கிறது. காபியைச் சூடாகக் கலந்து கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. போனை எடுத்துப் பூபதியைக் கூப்பிட்டேன்.

"என்னம்மா, இந்நேரத்துல?" தூக்கக் குரல்.

"அப்பாவக் கொண்டுபோயி இல்லத்துல விட்டுரலாம் கண்ணு. நாளைக்கே கெளம்பி வா."

"நம்பர் வரட்டும்னு சொன்னேனல்லம்மா."

"நம்பரெல்லாம் வேண்டாம் சாமி. நீ வா."

போனில் கட்டில் கிரீச்சிட்டது, எழுந்து உட்கார்ந்திருப்பான். பிறகு பக்கத்தில் படுத்திருப்பவளுக்குக் கேட்கக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்பா மறுபடியும் கை ஓங்கறாராம்மா?" என்றான். மறுபடியும் என்கிறான். அப்படியானால் எல்லாம் பார்த்திருக்கிறான், எல்லாம் ஞாபகம் இருக்கிறது, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட என்னிடம் கேட்டதில்லை. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், நாளைக்குக் கார் எடுத்துக்கொண்டு வந்துவிடுவான், அத்தை சித்தப்பா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள், ஊரே என் பக்கம் நிற்கும். ஆமாம் என்பது பொய்யுமில்லை, கொஞ்சம் பழைய உண்மை, அவ்வளவுதான். கட்டிலில் இவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அவரு இல்ல கண்ணு," என்றேன். "நானு."